புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு கொடிமரம்

கியூபெக்,
9 அக்டோபர் 1911

அன்புள்ள தெலிமாவுக்கு,

என் கணவர் வரைந்த கப்பல் படங்களை நான் அடுப்பில் போட்டு எரித்துவிட்டதாக இந்த ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காஸ்பே துறைமுகம் வரைக்கும் அந்தப் பேச்சு வந்திருக்கும். அது பொய். நாற்பத்தொரு படங்களும் எண் வரிசைப்படி, ஈரம் படாமல், என் படுக்கையறை அலமாரியில் பூட்டி இருக்கின்றன. வெட்கப்படுகிறவர்கள்தான் எரிப்பார்கள். எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீயும் எவரிஸ்ட்டும் நலம்தானா? எனக்கு வழக்கமான முழங்கால் வலி. இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. இரட்டை ஜன்னல்களை இப்போதே பொருத்தச் சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை கடற்படை அமைச்சகத்திலிருந்து கமாண்டர் வெஸினா வந்தார். உன் மாமனார் வடிவமைத்த சகெனே போர்க்கப்பல் ஒரு கோடைகாலம் கடலில் ஓடியதில் ஒரு குறை கண்டார்களாம். குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல, முக்காலிக் கொடிமரத்தின் உச்சியில் ஒரு கூண்டு இருக்கிறதல்லவா? மரம் முன் புகைபோக்கிக்குப் பின்னால் நிற்பதால், கப்பல் வேகமெடுத்தால் புகை முழுவதும் கூண்டுக்குள் போகிறதாம். குளிர்காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் இருக்கும்போதே மரத்தை முன்னால் மாற்ற வேண்டுமாம். அதற்கான எடைக் கணக்குகள் உன் மாமனாரின் படங்களில் மட்டுமே இருக்கின்றன. நோயோடு இருந்த கடைசி வருஷங்களில் அவர் வீட்டிலேயேதான் வேலை செய்தார்.

“படத்தை எரிச்சுட்டீங்கன்னு சொல்றாங்களே மேடம்?”

“சொல்றவங்களை வந்து என் அடுப்பைப் பாக்கச் சொல்லுங்க. காலையிலேர்ந்து பட்டாணி சூப்தான் கொதிக்குது.”

“அப்ப குடுத்துடுங்களேன். பனி விடறதுக்குள்ள மரத்தை மாத்திடலாம்.”

“அறிக்கையில என்ன எழுதப்போறீங்க?”

அவர் மடியிலிருந்த தொப்பிக்குள் பார்த்தார். “வழக்கமா எழுதறதுதான். வடிவமைப்பாளரின் பிழை.”

“அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துட்டு வாங்க. படத்தைத் தர்றேன்.”

“எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை மேடம்.”

“காபி குடிக்க அதிகாரம் இருக்குல்ல? ஆறிப்போகுது, குடிங்க.”

குடித்துவிட்டுத்தான் போனார். ஆகையால் அவரை நான் வெளியே துரத்தினேன் என்பதும் பொய்.

என் மகன் எவரிஸ்ட்தானே அந்தக் கூண்டின் அதிகாரி. புகை உண்மையிலேயே அவ்வளவு மோசமா? அவன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். மற்றவர்கள் சொல்வதை நான் நம்பத் தயாரில்லை.

உங்கள் இருவரையும் தினமும் ஜெபத்தில் நினைக்கும்,
எர்மின் லான்தியே


காஸ்பே,
24 அக்டோபர் 1911

மதிப்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு என் அம்மா காட்டு வாத்துக் கொழுப்பு ஒரு புட்டி கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு வருகிறது. நாற்றத்தைப் பார்க்காமல் தடவுங்கள்.

அவர் எழுதத்தான் உட்கார்ந்தார். பாதியில் கப்பல் படகு வந்துவிட்டது. படியில் இறங்கிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “புகைன்னா புகைதான், மூஞ்சியில ஈரத்துணி கட்டிக்கிட்டாப் போதும்னு அம்மாவுக்கு எழுது. அப்பா வச்ச மரம் வச்ச இடத்துலயே நிக்கட்டும்.”

அவர் சொன்னது அது. நான் பார்த்ததையும் சொல்கிறேன். அவர் சட்டையை மூன்று தண்ணீரில் அலசுகிறேன், மூன்றும் மை மாதிரி வருகிறது. எங்கள் அப்பா மீன் புகைபோடும் கொட்டகை வைத்திருக்கிறார். அதில் மீனையே மூன்று நாளுக்குமேல் தொங்கவிட மாட்டோம். நான் எழுதியதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்,
தெலிமா


கியூபெக்,
6 நவம்பர் 1911

அன்புள்ள தெலிமாவுக்கு,

உன் கடிதமும் வாத்துக் கொழுப்பும் கிடைத்தன. கொழுப்பு வேலை செய்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். உன் அம்மாவுக்கு என் நன்றி.

லான்தியே குடும்பத்தில் ஒரு கடற்படை அதிகாரியைப் புகைபோட்ட மீனோடு ஒப்பிட்டது இதுவே முதல் தடவை. கடைசியாகவும் இருக்கட்டும். எவரிஸ்ட் சொன்னதுதான் சரி. நான் அமைச்சகத்துக்கு அப்படியே எழுதிவிட்டேன்.

உனக்கு ஒன்று விளங்க வேண்டும். தெற்கே அமெரிக்கர்கள், ஹாலிஃபாக்ஸில் ஆங்கிலேயர்கள். இருவருக்கும் நடுவில் ஆங்கிலேயரிடமிருந்து பிரிந்து எழுபத்து மூன்று வருஷமாக நிற்கிற நம் கியூபெக் குடியரசுக்குச் சொந்தமாக ஒரு பெரிய கப்பல் வேண்டும் என்றபோது, வெளிநாட்டுக்காரன் எவனையும் கூப்பிடாமல் என் கணவரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் எட்டு. சகெனே, மத்தான், பத்திஸ்கான் என்று ஒரே வகையில் மூன்று கப்பல்கள். அன்று பத்திரிகைகள் அவர் படத்தைப் போட்டன. இப்போது அதே பத்திரிகைகள் ‘புகை லான்தியே’ என்று கேலிச் சித்திரம் போடுகின்றன.

மரம் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற நாட்டுக் கப்பல்களில், பனியில் சிக்கியவர்களை மீட்கும் பனித்தோணி கிடையாது. நம் நதியில் அது இல்லாமல் முடியாது, உன் தகப்பனாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகைபோக்கிக்குப் பின்னால் நிற்கும் மரம்தான் தோணிகளைத் தூக்கி இறக்கும் கையைத் தாங்குகிறது. ஆறே நிமிஷத்தில் தோணி பனிமேல் இருக்கும். சாதாரணக் கப்பலில் இருபது நிமிஷம் ஆகும்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு உன் மாமனாருக்கும் லுசியனுக்கும் பூசை வைத்தேன். எவரிஸ்ட்டுக்கு அண்ணன் ஒருவன் இருந்ததை அவன் உனக்குச் சொல்லியிருப்பான். ஏழு வருஷம் ஆகப்போகிறது.

எவரிஸ்ட்டை எழுதச் சொல்.

எர்மின் லான்தியே


காஸ்பே,
3 டிசம்பர் 1911

மதிப்புள்ள அத்தைக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கொஞ்சம் சளி. ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் உலர்துறைக்குள் போய்விட்டது. விரிகுடா உறைய ஆரம்பித்துவிட்டது.

முழங்கால் எப்படி இருக்கிறது?

தெலிமா


கியூபெக்,
12 டிசம்பர் 1911

அன்புள்ள தெலிமாவுக்கு,

ஆறு வரிக் கடிதத்துக்கு நாலு வாரம் தேவைப்பட்டதா?

நவம்பர் பதினாறாம் தேதி சகெனேயில் பீரங்கிப் பயிற்சியின்போது விபத்தில் இருவர் இறந்தார்கள் என்று பத்திரிகையில் மூன்று வரி வந்தது. ஒருவர் ரிமூஸ்கியைச் சேர்ந்த சமிக்ஞைக்காரர். மற்றவர் சோரேலைச் சேர்ந்த பீரங்கிப் படைவீரர், பத்தொன்பது வயது. என்ன விபத்து என்று போடவில்லை. நீயும் எழுதவில்லை. அன்று எவரிஸ்ட் எங்கே இருந்தான்?

அந்த இருவருக்கும் பூசை வைத்தேன். பேரைச் சொல்லும்போது பாதிரியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோவிலில் என் பின்வரிசையில் இருந்த திருமதி ப்ரூலோ காதில் விழும்படியே சொன்னாள்: “அலமாரியைத் திறந்திருந்தா பூசையே வேண்டியிருக்காது.” நான் திரும்பவில்லை. மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பூசையில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் களைப்பாக இருந்தது. வேலைக்காரி ஓதில் என் காலணியைக் கழற்றிவிட்டாள். வழக்கமாக அதற்கு விடமாட்டேன்.

புத்தாண்டுக்கு இருவரும் வருகிறீர்கள்தானே? இறைச்சி அப்பத்துக்கு ஓதில் பன்றி சொல்லிவைத்திருக்கிறாள். ரயில் புறப்படும் நாளை எழுது. எவரிஸ்ட்டின் கையெழுத்து எனக்கு வேண்டும். சளி பிடித்தால் மூக்குதான் ஒழுகும், கை எழுதும்.

எர்மின் லான்தியே


காஸ்பே,
28 டிசம்பர் 1911

மதிப்புள்ள அத்தைக்கு,

எங்களால் புத்தாண்டுக்கு வர முடியாது. விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்ட நவம்பர் பதினாறு அன்று அவருக்குக் காவல் முறை இல்லை, வேறு இடத்தில் இருந்தார். கவலைப்படாதீர்கள்.

உப்பிட்ட சால்மன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அத்தை, அந்தப் படங்களைக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போது நீங்கள் என் உடையின் கையைத் தொட்டுப் பார்த்து, “துணி விலை குறைவா இருந்தாலும் தையல் சுத்தமா இருக்கு” என்றீர்களே, அன்றைக்குக்கூட நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது கேட்கிறேன்.

தெலிமா


கியூபெக்,
4 ஜனவரி 1912

அன்புள்ள தெலிமாவுக்கு,

புத்தாண்டுக் காலையில் ஆறு மணிக்கே எழுந்து உடுத்திக்கொண்டு உன் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளை வந்து முழந்தாளிட்டு எல்லோருக்குமாக ஆசீர் கேட்க வேண்டும். போன வருஷம் எவரிஸ்ட் என்னிடம் கேட்டான். அதற்குமுன் தகப்பனாரிடம் கேட்டான். அண்ணன் வீட்டில் இல்லாத ஒரு வருஷம், பன்னிரண்டு வயதில் தட்டம்மையோடு, ஓதில் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவர, போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிவந்து கேட்டவன் அவன். ஒரு வருஷம் கப்பலோடு நதி நடுவே பனியில் மாட்டிக்கொண்டபோது கம்பியில்லாத் தந்தியில் கேட்டான். இந்த வருஷம் தந்திகூட இல்லை.

ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஓதில் வந்து, “அப்பம் ஆறுதும்மா” என்றாள். “ஆறட்டும்” என்றேன். பிறகு, பாவம், அவளே முழந்தாளிட்டாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. எழுப்புவதற்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் தேதி, காஸ்பேக்குப் போய்த் திரும்பிய கமாண்டர் வெஸினா வாழ்த்துச் சொல்ல வந்தார். வாசலிலேயே, “மகனுக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்?” என்றார்.

“அவன் இருக்கிற ஊர்லேர்ந்து வர்றது நீங்க. என்னைக் கேக்கிறீங்க?”

மறுபடியும் தொப்பிக்குள் பார்த்தார். அதற்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறாரோ. பேச்சை மாற்றி, விபத்தை ஆராயும் விசாரணைக் குழு மார்ச் முதல் தேதி கூடி முடிவு எடுக்கும் என்றார். அனேகமாக மரம் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஆகவே என் படங்கள் இனித் தேவைப்படாமலும் போகலாம் என்றார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

தெலிமா, நீ நன்றாகப் பொய் சொல்வதில்லை. அது உனக்குப் பெருமைதான். என் மகனுக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

எர்மின் லான்தியே


காஸ்பே,
15 ஜனவரி 1912

மதிப்புள்ள அத்தைக்கு,

எழுதவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை இன்று மீறுகிறேன். பாவமன்னிப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் பதினாறு அன்று கூண்டில் மூன்று பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேரும் அவரும். முழு வேகத்தில், எதிர்க்காற்றில் கப்பல் ஓடியது. புகை உள்ளே அடைத்தது. இறங்கும் ஏணி அந்த மரத்தின் இரும்புக் காலுக்குள்தான் இருக்கிறது, புகைச் சூட்டில் அந்த இரும்பு பழுக்கக் காய்ந்துவிட்டது. இறங்கவும் வழியில்லை. பேசும் குழாய் வழியாகக் கீழே கத்தினார்களாம். சுட்டு முடிய இன்னும் பத்தே நிமிஷம் என்று கீழே இருந்து சொன்னார்களாம். கப்பல் நின்றபின் கயிறு கட்டி இறக்கினார்கள். அவர் ஒருவருக்குத்தான் மூச்சு இருந்தது.

கண்களுக்கு ஐந்து வாரம் துணிக்கட்டுப் போட்டிருந்தது. இப்போது முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். சில வரிகளை விட்டுவிடுவேன். நெஞ்சுதான் மோசம். கடற்படை வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை அந்தப் புகையைக் குடிச்சார்னா நுரையீரல் தாங்காதும்மா” என்றார்.

அப்படி இருந்தும் மே மாதம் மேலே ஏறுவேன் என்கிறார். டிசம்பரில் விசாரணைக் குழு கட்டிலருகே வந்தது. துணியைச் சரியாக நனைக்காமல் ஏறியது எங்கள் தவறு, மரத்தை மாற்றத் தேவையில்லை என்று வாக்குமூலம் கொடுத்தார். உயிரோடு இறங்கிவந்தவர் அவர் ஒருவர்தானே, அவர் வார்த்தைக்குமேல் குழுவுக்கு வேறு என்ன வேண்டும்? நான் அவரோடு சண்டை போட்டேன்.

“அம்மாவுக்கு மட்டும் எழுதிடாத. பதறிப்போய்ப் படத்தைத் தூக்கிக் குடுத்துடுவாங்க.”

“குடுக்கட்டுமே!”

“குடுத்தா அப்பா தப்புப் பண்ணிட்டாருன்னு ஆயிடும். அப்பா தப்பே பண்ண மாட்டாரு. அந்த இடத்துல வச்சாருன்னா யோசிச்சுத்தான் வச்சிருப்பாரு. மே மாசம் ஒழுங்கா ஏறி, ஒழுங்கா இறங்கிக் காட்டறேன். அப்புறம் எவன் பேசறான்னு பாக்கலாம்.”

“ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு என் அடுப்புக்குள்ள தலையை விட்டுக் காட்டுங்க. அப்புறம் கப்பல்ல ஏறலாம்.”

சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது. இருமினால் கால் மணி நேரம்.

அத்தை, நான் சொன்னால் கேட்கமாட்டார். அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் கேட்பார். அப்பாவும் மனிதர்தான், தவறியிருக்கலாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அது போதும்.

தெலிமா


காஸ்பே,
12 பிப்ரவரி 1912

அத்தைக்கு,

நாலு வாரமாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ரயில் ஓடுகிறது, மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் வருகிறது.

குழு கூட இன்னும் பதினெட்டு நாள்தான். அவர் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறார். பதினான்கு படிக்கு மூன்று தடவை நிற்கிறார். எண்ணுகிறேன் என்று தெரிந்தால் கோபப்படுகிறார், அதனால் சமையலறையிலிருந்தே காதால் எண்ணுகிறேன்.

நீங்கள் படித்தவர். உங்களுக்குப் பெயர் முக்கியம், எனக்குப் புரிகிறது. எனக்குப் பெயர் எல்லாம் ஒன்றும் இல்லை. ஆள்தான் வேண்டும். செத்தவருக்காக இருக்கிறவரை விட்டுவிடுவதானால் அதையாவது எழுதிவிடுங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன்.

தெலிமா


கியூபெக்,
19 பிப்ரவரி 1912

அன்புள்ள தெலிமாவுக்கு,

உன் ஜனவரிக் கடிதமும் கிடைத்தது, பிப்ரவரிக் கடிதமும் கிடைத்தது. இரண்டாவதில் நீ எழுதியதற்கு நான் கோபப்படவில்லை. தபால் தவறவில்லை. ஐந்து வாரமாக நான் ஒன்பது கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். நீ கேட்டது ஒரு பொய், அதனால் எழுத வரவில்லை. உன் மாமனார் தவறவில்லை. உண்மையை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

இதை எவரிஸ்ட்டுக்கு உரக்கப் படி. ஒரு வரியையும் விடாதே.

எவரிஸ்ட், உன் அப்பாவின் பதினான்காம் எண் படத்தில் கொடிமரம் புகைபோக்கிக்கு முன்னால் இருக்கிறது. தேதி 1906 நவம்பர் 3. கூண்டு சுத்தமான காற்றில் இருக்கிறது. தோணிகளை இறக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு தூக்கிகள் போட்டிருக்கிறார். பக்கத்தில் அவர் கையெழுத்தில், ‘பதினைந்து நிமிஷம்’ என்று இருக்கிறது. அதுதான் அவர் வரைந்த கப்பல்.

அந்தப் படத்தை அவர் எனக்குக் காட்டினார். எல்லாவற்றையும் எனக்குக் காட்டுவார், என் கண்ணுக்குப் பிழை தப்பாது என்பார். லுசியன் போய் அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. உனக்குத் தெரியும், நீயும் கரையில் நின்றாய். உறைந்த நதியில் அவர்கள் நின்ற பனிப்பாளம் உடைந்து விலகி, அவனும் மற்ற நாலு பேரும் கப்பலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றார்கள். கையை ஆட்டினார்கள். தோணி இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் நீரோட்டம் கொண்டுபோய்விட்டது.

நான் படத்தில் விரலை வைத்துக் கேட்டேன். “பதினஞ்சு நிமிஷம்னா என்ன அர்த்தம்?”

“தோணி இறங்கற நேரம்.”

“இதைவிடச் சீக்கிரம் இறக்க வழி இல்லையா?”

“இருக்கு. மரத்தைப் பின்னால வச்சா ஆறு நிமிஷம். ஆனா வைக்க முடியாது எர்மின். புகை பூரா கூண்டுக்குள்ள போகும். மேல நிக்கிறவன் மூச்சுவிட முடியாது.”

“இருமறவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம். தண்ணிக்குள்ள போனவன் இருமறதில்லை.”

நான் விடவில்லை. “இன்னொருத்தி பிள்ளை பனிமேல நின்னு கையாட்ட, நீங்க பதினஞ்சு நிமிஷம்னு எழுதிவச்சிருக்கீங்க. இந்தப் படத்தை வெளிய அனுப்பினா நான் உங்களோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட மாட்டேன்” என்றேன்.

உட்காரவும் இல்லை. மூன்று நாள் சமையலறையில் ஓதிலோடு சாப்பிட்டேன். நான்காம் நாள் அவர் புதுத் தாள் எடுத்துப் பதினைந்தாம் எண் படத்தை வரைந்தார். அந்தப் படம்தான் கப்பல் கட்டும் துறைக்குப் போயிற்று. அதை வைத்துத்தான் மூன்று கப்பல்களும் கட்டப்பட்டன. புகையைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி பேசவே இல்லை. சாகும்வரை பேசவில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் விளக்கமாகச் சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்தக் கூண்டில் நிற்கப்போகிறவனுக்கு அன்று எனக்கு முகம் இல்லை. நீ அப்போது பீரங்கிப் பள்ளியில் சேர்ந்திருக்கக்கூட இல்லை. ரிமூஸ்கித் தாயும் சோரேல் தாயும் எனக்கு யாரோ. அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். ரிமூஸ்கியிலிருந்து பதில் வந்தது. அதில் இருந்ததை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சோரேலிலிருந்து வரவில்லை.

உன் அப்பா மறுத்திருக்க வேண்டும். இந்த ஐந்து வாரத்தில் அதையும் யோசித்தேன். ஒரு கப்பலைக் கட்டுகிறவன் மனைவியின் கண்ணீருக்காக மரத்தை நகர்த்தக் கூடாது. அந்த அளவுக்கு அவர் பேரிலும் தவறு இருக்கிறது. ஆனால் நீ நினைப்பதுபோல் அவர் யோசித்து அந்த இடத்தில் வைக்கவில்லை. யோசித்து வைத்த இடம் வேறு. நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்ப்பது என் பிடிவாதத்தைத்தான்.

சனிக்கிழமை கமாண்டர் வெஸினாவை வரச்சொல்லி நாற்பத்தொரு படங்களையும் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, தயங்கி, “அந்த ரெண்டு வார்த்தை, மேடம்… அது இன்னும் அறிக்கையில இருக்கு” என்றார்.

“இருக்கட்டும். பக்கத்துல என் பேரையும் சேத்துக்குங்க.”

கிழவி மறுபடியும் ஆரம்பிக்கிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. பதினான்காம் எண் படத்தை மேலே எடுத்துவைத்து, உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ‘பதினைந்து நிமிஷம்’ என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் படித்தார். அன்று அவர் தொப்பியைத் தேடவில்லை.

“இதை எழுத்துல தருவீங்களா?”

“மூணு பிரதி எழுதிவச்சிருக்கேன். ஒண்ணு குழுவுக்கு, ஒண்ணு அமைச்சருக்கு. மூணாவது என் பிள்ளைக்கு.”

“பத்திரிகைக்காரங்க கையில கிடைச்சா உங்களைச் சும்மா விடமாட்டாங்க மேடம்.”

“நான் எரிச்சுட்டேன்னு போட்டாங்களே, அதைவிட இதுல உண்மை ஜாஸ்தி. போடட்டும்.”

ஆனால் படமும் என் கடிதமும் மட்டும் போதாது என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மரத்தை மாற்றத் தேவையில்லை என்ற உன் வாக்குமூலம் குழுவின் முன்னால் இருக்கிறது. அது இருக்கும்வரை, செலவுக்குப் பயந்தவர்கள் அதைக் காட்டி மூன்று கப்பல்களையும் அப்படியே விட்டுவிடுவார்கள். நீயும் மேலே ஏறுவாய், மத்தானிலும் பத்திஸ்கானிலும் வேறு பிள்ளைகள் ஏறுவார்கள். நீ அதைத் திரும்பப் பெற வேண்டும். கூண்டுக்குள் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. உன் அப்பாவை ஒரு தடவை கட்டாயப்படுத்தினேன், அது போதும். உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தெலிமா, கல்யாணத்தன்று உன் உடையைப் பற்றி நான் சொன்னது தவறு. இத்தனை நாள் அவன் பக்கத்தில் நீ இருந்தாய், நான் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, நேரில் பேசுவோம்.

குழுவுக்கு நான் எழுதியதன் மூன்றாம் பிரதியும் பதினான்காம் படத்தின் நகலும் இதனோடு இருக்கின்றன. முழங்கால் பரவாயில்லை. தூக்கம்தான் குறைவு.

குழு மார்ச் முதல் தேதி கூடுகிறது. வாக்குமூலத்தை மாற்றுகிறானா இல்லையா என்பதையும், என்னைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்பதையும், திட்டினால் திட்டியபடியே, ஒரு வார்த்தையும் மென்மையாக்காமல், இருபத்தாறாம் தேதித் தபாலில் எனக்கு எழுது.

எர்மின் லான்தியே